பட்டறைப் பலகைக்கு வரைந்த தடித்த எழுத்து

பாம்பன் குந்துகாலில் விசைப்படகு எஞ்சின் பழுது நீக்கும் என் தாய்மாமா, கடலிலிருந்து திரும்புகிறவர்கள் படகில் நின்றபடியே படிக்கக்கூடிய பெயர்ப்பலகை ஒன்று வேண்டும் என்றார். ஒரு வாரத்தில் வரைந்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

என் மனத்தில் இருந்த முன்மாதிரி மைக்ரோகிராம்மா. இத்தாலியில் தூரின் நகரத்து நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசேயும் அலெசாந்திரோ புட்டியும் 1952-இல் உருவாக்கிய அந்த எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. சிறிய எழுத்துகளையும் சேர்த்து 1962-இல் யூரோஸ்டைலை நோவரேசே வடிவமைத்தார். பழைய தொலைக்காட்சித் திரையைப் போல மூலை மழுங்கிய சதுரமே இரண்டுக்கும் அடிப்படை. எஞ்சின் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான சாயல் இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

ப, ட இரண்டும் அந்தச் சதுரத்தில் தாமாகவே உட்கார்ந்துகொண்டன. அந்தத் தெம்பில், எழுத்தின் உயரத்தை ஆயிரம் அலகாகப் பிரித்து வரையும் கட்டத்தில், 180 அலகு தடிமனை எல்லா எழுத்துக்கும் ஒரே சீராகக் கொடுத்து, தாளில் அச்சிட்டுப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். மாமா படகில் சற்றுத் தொலைவு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ப தெரியுது, ட தெரியுது மாப்ள. எஞ்சின்ல ரெண்டாவது எழுத்து கரும்பொட்டா அப்பிக் கெடக்கு" என்றார்.

ஞ-வின் சுழி தடிமனில் அடைபட்டுப் போயிருந்தது. அதன் பிறகு வேலையைத் தலைகீழாக மாற்றி, ஞ, ண, ன ஆகியவற்றின் சுழிகள் எவ்வளவு தடிமனைத் தாங்கும் என்று முதலில் பார்த்து, அந்த அளவுக்கு ப, ட இரண்டையும் இளைக்க வைத்தேன். நிமிர்ந்த கோடு 150, கிடைக்கோடு 135, சுழிக்குள் 110 என்று முடிவாயிற்று. ஒரே அளவில் வரைந்தால் கிடைக்கோடு கண்ணுக்குத் தடித்துத் தெரியும் என்பதால்தான் அந்தக் குறைப்பு. புள்ளியைக் கோட்டின் தடிமனைவிடப் பெரிதாக்கினேன், ஏனென்றால் தொலைவில் புள்ளி மறைந்தால் 'எஞ்சின்' என்பது 'எஞசின' ஆகிவிடும். உகர, ஊகார வடிவங்கள் 36-ஐயும் தனித்தனியாக வரைந்தேன்.

இராமநாதபுரத்தில் ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்தபோது இன்னொரு தவறு வெளிப்பட்டது. திரையில் ஒரே எழுத்தாகத் தெரிந்த 'கு' உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு வடிவங்கள். வெட்டும் கத்தி ஒவ்வொன்றின் ஓரத்தையும் தொடர்ந்து போனதால் எழுத்தின் நடுவே கீறல் விழுந்தது. எல்லா வடிவங்களையும் இணைத்து ஒரே ஓரக்கோடாக்கி, மறுபடி வெட்டி, சுழிகளுக்குள் இருந்த சின்னத் துண்டுகளை ஊசி முனையால் நானே உரித்தெடுத்தேன்.

இப்போது மாமாவின் படகுப் பதிவெண்ணுக்கு இலக்கங்கள் வரைகிறேன். சதுர வடிவில் 3, 8-ஐப் போலவே தெரிவதால், 3-இன் இடப்பக்கத் திறப்பை அகலப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.