நெடி அடித்தால் போதுமா?

பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்த்த யாருக்கும், கருவிகளை ஊறவைத்துக் கிருமி நீக்கும் மருந்தான குளுட்டரால்டிஹைடின் நெடி மறக்காது. மூடியைத் திறந்ததுமே கண் எரியும், தொண்டை கரகரக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த நெடியின் மேலேயே ஒரு நம்பிக்கை வந்துவிடும்: நமக்கே இப்படி என்றால் கிருமி எங்கே பிழைக்கப் போகிறது!

பிழைக்கும். 2 சதவீதக் கரைசலில் ஸ்போர்களும் (சில பாக்டீரியாக்கள் தடித்த உறைக்குள் உறங்கும் வடிவம், எளிதில் சாகாது) சாக வேண்டுமென்றால் கருவி 10 மணி நேரம் முழுக ஊற வேண்டும். 20 முதல் 45 நிமிடம் என்பது அதற்கு ஒரு படி கீழேதான். மற்ற கிருமிகள் போகும், ஸ்போர்கள் எல்லாம் போகாது. வெளியே ஆட்கள் காத்திருக்கும்போது அந்த 20 நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. முக்கி எடுத்துக் கழுவி அடுத்தவர் வாயில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஈரம் சொட்டச் சொட்டக் கருவிகளைப் போட்டால் கரைசல் நீர்த்துக்கொண்டே வரும். லேபிளில் 14 நாள், 28 நாள் என்று இருப்பது உச்ச வரம்புதான். அதற்கு முன்பே வீரியம் இறங்கிவிடலாம். சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

என்னைக் கேட்டால் பாதி வேலை தண்ணீர்த் தொட்டியிலேயே முடிகிறது. ரத்தம் ஒட்டியிருக்கும் ஸ்கேலரை (பல் காரையைச் சுரண்டும் கருவி) அப்படியே குளுட்டரால்டிஹைடில் போட்டால் புரதம் இறுகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தேய்த்தாலும் வராது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் மற்றதெல்லாம். நாற்காலி, விளக்குக் கைப்பிடிக்கும் இதே கதைதான்: முதலில் துடைக்க வேண்டும், பிறகு மருந்தடித்து லேபிள் சொல்லும் நேரம்வரை ஈரமாகவே விட வேண்டும். அடித்த கையோடு காய்ந்த துணியால் துடைத்தால் மருந்து துணிக்குத்தான் போகும்.

சூடு தாங்கும் கருவி என்றால், அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இயந்திரம்தான் சரி. 134 டிகிரி நீராவியில் 3 நிமிடம் போதும், சூடேறவும் உலரவும் ஆகும் நேரம் தனி. கருவியை வைத்து ஒட்டும் பவுச்சில் இருக்கும் குறியின் நிறம் மாறிவிட்டது என்று திருப்தியடைகிறவர்கள் உண்டு. அது சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும். உயிருள்ள ஸ்போர்களை உள்ளே வைத்து வாரம் ஒருமுறை சோதித்தால்தான் இயந்திரம் உண்மையாகவே கொல்கிறதா என்று தெரியும்.

டாக்டர்களோடு அதிகம் வாக்குவாதம் வந்தது ஹேண்ட்பீஸ் (பல்லைக் குடையும் சுழல் கருவி) விஷயத்தில்தான். சுழல்வது நிற்கும்போது எச்சிலும் ரத்தமும் உள்ளே இழுக்கப்படலாம். வெளியே ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆட்டோகிளேவ் செய்தது வேண்டும் என்றால், "இருக்கிறதே இரண்டு, எப்படிம்மா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு எந்தக் கரைசலிலும் பதில் கிடையாது, இன்னும் சில ஹேண்ட்பீஸ் வாங்கத்தான் வேண்டும்.