அவரில்லை அக்கா, மூளை

இந்த வசனம் எனக்கு வாய்ப்பாடம். பிசியோ பகுதியில நிக்கிறவைக்குத் தெரியும், கதவடியில ஏழெட்டுப் பேர் துண்டோட நிக்கேக்க ஆரோடயும் ஆறுதலா இருந்து கதைக்க ஏலாது, சின்னனாச் சொல்லி அனுப்பிற மாதிரி ஒண்டிரண்டு வசனம் கைவசம் வைச்சிருக்கோணும்.

அந்த அக்காவின்ர மனுசன் மோட்டச்சைக்கிளால விழுந்தவர். கை கால் எல்லாம் வடிவாச் சரிவந்திட்டுது, அதுதான் பிரச்சினையே, வெளியில பாக்கிறவைக்கு ஆள் சுகம். வீட்டிலதான் வாயைத் திறந்தாத் தூசணம், கறியில உப்புக் கூடினாக் கோப்பை பறக்கும். முந்தி செவ்வாய் வெள்ளி மச்சம் தொடாத மனுசனாம், பிள்ளையளுக்கே குரல் உயர்த்தாதவராம். "இது அவரோ மிஸ்?" எண்டு கேட்டா.

நானும் பெரிசா விளங்கப்படுத்தினன். கண்குழிக்கு மேல இருக்கிற எலும்பு உள்பக்கம் கரடுமுரடு, ஓடுற வேகத்தில தலை அடிபட்டுச் சடாரெண்டு நிக்க, உள்ளுக்க இருக்கிற மூளை உடன நிக்காது, அந்தக் கரட்டில உரசுப்படும், திருவலையில தேங்காய் படுற மாதிரி எண்டு சொன்னன் (ஒரு மனுசியிட்டச் சொல்ற உவமையே அது, இப்ப நினைக்கக் கூசுது). அப்பிடி அடிபடுறது நுதற்சோணையின்ர, அதாவது நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைப் பகுதியின்ர அடிப்பக்கம். கோவம் எல்லாருக்கும்தான் வரும், வந்த கோவத்தை "பொறடா" எண்டு பிடிக்கிற பிரேக்கில கனக்க வேலை அங்கதான் நடக்கிறது. போதாததுக்கு கேஜ் எண்ட ஒராளின்ர கதையும் சொன்னன். 1848ல அமெரிக்காவில ரெயில் பாதைக்கு வெடி வைக்கேக்க ஒரு மீற்றருக்கு மேல நீளமான 6 கிலோ இரும்புக் கம்பி கன்னத்தால ஏறி உச்சியால வெளிக்கிட்டும் தப்பினவர், ஆனா பிறகு வாயெல்லாம் தூசணம், கூட்டாளிமாரே இது பழைய கேஜ் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். பிறகுதான் அந்த வசனம். அவ கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பினா. எனக்கும் ஒரு திருப்தி, பொய் சொல்லக்கூடாது.

மூண்டு மாசம் கழிச்சு கிளினிக் கொப்பி நீட்டேக்கதான் கையைப் பாத்தன். காப்புக்கு மேல நாலு விரல் தனித்தனியாக் கண்டிப்போய்க் கிடக்கு, ஓரம் மஞ்சளாகத் தொடங்கிட்டுது. என்னக்கா எண்டன். சட்டைக் கையை இழுத்து விட்டா.

"அவரில்லைத்தானே மிஸ். மூளைதானே."

சிரிச்சுக்கொண்டு சொன்னா, எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி.

நான் சொன்னதில பிழை இல்லை, அதை இண்டைக்கும் ஆரோடயும் வாதாடுவன். மூளையில காயம் இருந்தது, ஸ்கானில கிடக்கு. சொல்லாமல் விட்டிருந்தா அவ சூனியம், செய்வினை எண்டு அலைஞ்சிருப்பா, இல்லாட்டி என்ர சமையல்தான் பிழை எண்டு இருந்திருப்பா. ஆனா அவ கேட்டது அவரோ எண்டு. அடிச்சா என்ன செய்யிறது எண்டு அவ கேக்கேல்ல, நானும் சொல்லேல்ல. சத்தம், களைப்பு, பசி கூடினா இப்பிடியான ஆக்களுக்குக் கொதி கூடும், குரல் ஏறத் தொடங்கினாப் பிள்ளையளோட வெளிய வந்திடுங்கோ எண்டு சொல்ல ரெண்டு நிமிசம் போதும், கேஜுக்குச் செலவழிச்ச நேரம்தான். அதிலயும் பாதிக் கதைதான் சொன்னனான். அந்தாள் பிறகு சிலி நாட்டில கனக்க வருசம் குதிரை வண்டில் ஓட்டினவர். தினமும் ஒரே பாதை, நேரத்துக்கு வேலை, அதால ஆள் ஓரளவு திருந்தி இருக்கலாம் எண்டும் சொல்லுவினம். எனக்கு அது தெரியும். கதைக்கு வடிவில்லை எண்டு விட்டிட்டன் போல.

மனுசனைத்தான் இன்னும் விளங்கேல்ல. அண்டைக்கு அவரிட்டையும் மெதுவாக் கேட்டன், அவர் நெத்தியைத் தட்டி, "மிஸ்தானே சொன்னியள், எனக்கு இதுக்க பழுது எண்டு" எண்டார். டொக்டருக்கு முன்னால ஆள் தங்கக்கம்பி. தாய்க்காரியே சொன்னா, "ஆளைப் பாத்துத்தான் இவனுக்குக் கோவம் வாறது" எண்டு. படிச்சதின்படி அதுக்கும் விளக்கம் இருக்கு, அமைதியான அறை, ஒருத்தர் கேக்க மற்றவர் பதில் சொல்ற ஒழுங்கு, அதுக்குள்ள இப்பிடியான ஆக்கள் சாதாரணமாத்தான் நிப்பினம், கேட்டா அடிக்கிறது பிழை எண்டும் வடிவாச் சொல்லுவினம், குசினியில அந்த நேரம் அது கைக்கு வராது. எல்லாம் சரி. எண்டாலும் அந்தத் தட்டல்! சாட்டுச் சொல்லத் தெரிஞ்ச மூளைக்குக் கையை மடக்கத் தெரியாதோ எண்டு எனக்கும் ஒரு கோவம் வந்துது, என்ர பிரேக் வேலை செய்ததால பேசாமல் இருந்தன்.

உதவி செய்யிற உத்தியோகத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போகவோ எண்டு அக்காவைக் கேட்டன். வேண்டாம் மிஸ், குமர்ப் பிள்ளை இருக்கு எண்டா. இன்னொருக்காக் கேட்டிருக்கலாம். கேக்கேல்ல, வெளியில ஆக்கள் நிண்டவை. அதுக்குப் பிறகு அவ வரேல்ல.

போன கிழமை வேற ஒரு குடும்பம், ஏணியால விழுந்தவர், ஏறக்குறைய அதே இடத்தில அடி. அந்த மனுசியும் அதே மாதிரித்தான் கேட்டா, இது இவர்தானோ மிஸ் எண்டு. நான் வாயைத் திறந்திட்டு, ரிப்போட்டைத் தேடுற மாதிரி ஃபைலைப் புரட்டிக்கொண்டு நிண்டன். ரிப்போட் மேலயே கிடந்தது.