ஒப்புவித்தலும் காட்டிக்கொடுத்தலும்

எங்கள் பள்ளியில் ஒப்புவித்தல் என்றால் ஒரே பொருள்தான் இருந்தது. வாங்கை விட்டு எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்த பகுதியை ஒரு சொல்லும் பிசகாமல் ஆசிரியர் முன்னால் சொல்லி முடிப்பது. ஒரு நாள் சமய பாட வகுப்பில், திருவிருந்து ஆராதனையில் வாசிக்கப்படும் பகுதியை, கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்திலிருந்து நான் ஒப்புவித்து முடித்தபோது, ஆசிரியர் என்னை உட்காரச் சொல்லவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒரே வசனத்தில் வரும் இரண்டு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்: ‘ஒப்புவித்தேன்’, ‘காட்டிக்கொடுக்கப்பட்ட’. பிறகு வெண்கட்டியால் அவ்விரண்டையும் ஒரு கோட்டினால் இணைத்தார்.

முதல் சொல், திருத்தூதர் பவுல் தாம் பெற்ற செய்தியைச் சபைக்குச் சொன்னதைக் குறிப்பது; இரண்டாவது, இயேசு பகைவரிடம் காட்டிக்கொடுக்கப்பட்டதைக் குறிப்பது. பவுல் எழுதிய கிரேக்கத்தில் இவ்விரண்டும் ஒரே வினைச்சொல் என்றார். கையிலிருந்து கைக்கு மாற்றுவது என்பது அதன் அடிப்படைப் பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லையே திருச்சபையின் பாரம்பரியம் என்று நாம் சொல்கிறோம். யாருடைய கைக்கு, எதற்காக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அதே செயல் ஒப்புவித்தலாகவும் அமையலாம், காட்டிக்கொடுத்தலாகவும் அமையலாம் என்று அவர் சொன்னபோது எனக்குப் பதினான்கு வயது. அன்று அது எனக்கு முழுவதும் விளங்கவில்லை. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் பள்ளி நினைவு ஒன்றை எழுதித் தரும்படி கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளுக்கும் விடுதி நாட்களுக்கும் முன்னால் அந்த வெண்கட்டிக் கோடுதான் என் கண்முன் வந்தது.

கிறிஸ்தவம் சமுதாயத்தின் ஒழுக்க உணர்வை எவ்வாறு மாற்றியது என்பதை அவர் உபதேசமாக ஒருபோதும் சொன்னதில்லை. கணக்கேட்டைப் படிப்பது போலச் சொல்வார். 251ஆம் ஆண்டளவில் உரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதமொன்றில், அந்நகரத்துச் சபை 1500க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரித்து வந்தது என்ற குறிப்பு இருக்கிறது. அது தேசியு பேரரசனின் துன்புறுத்தலில் ஆயரையே பறிகொடுத்து ஓராண்டு கழிந்திருந்த சபை என்பதை நினைத்துப் பாருங்கள் என்பார். அதே காலத்தில் கொள்ளைநோய் பரவியபோது, கார்த்தேஜில் சிப்பிரியானும் அலெக்சாந்திரியாவில் தியோனீசியுவும் ஆயர்களாக இருந்தார்கள். நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, அதனாலேயே நோய் தொற்றி இறந்த விசுவாசிகளைப் பற்றித் தியோனீசியு எழுதியது இன்றும் கிடைக்கிறது. 362இல் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற யூலியான் பேரரசன், கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளுக்கும் உணவளிக்கிறார்கள் என்று குறைபட்டு, நகரந்தோறும் சத்திரங்கள் அமைக்கும்படி கட்டளையிட்டான். எதிராளியின் வாயிலிருந்து வரும் சாட்சிக்கு எடை அதிகம் என்பது எங்கள் ஆசிரியரின் கருத்து.

இரக்கம் எல்லாக் காலத்திலும் எல்லா மனிதரிடத்திலும் இருந்தது. அது ஒருவருடைய மனநிலையோடு தோன்றி மறையாமல், ஞாயிறுதோறும் காணிக்கையாகச் சேர்ந்து, விதவைகளின் பெயர்ப்பட்டியலாகி, ஆயர் கணக்குக் காட்ட வேண்டிய கடமையாகி, கடைசியில் சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், செசரியா நகரத்துக்கு வெளியே அந்நகர ஆயர் புனித பசிலியார் எழுப்பிய மருத்துவமனையாக நின்றதே, அதைச் செய்தது பாரம்பரியம். தொழுநோயாளிகளை ஊர் விரட்டிய காலத்தில் அவர்களுக்கும் அங்கே இடமிருந்தது. முதல் தலைமுறையின் ஆர்வம் பத்தாம் தலைமுறையின் பழக்கமாக மாறுவதைச் சிலர் தாழ்வாகப் பேசுவார்கள். பழக்கமாக மாறாத நன்மை அதைத் தொடங்கியவரோடு போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பாடம் முடிந்த நாளில்தான், எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பன் எழுந்தான். அவன் கிறிஸ்தவன் அல்லன். “ஐயா, அடிமைகளை வாங்கி விற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனவர்கள்தானே?” என்று கேட்டான். வகுப்பு அடங்கிப் போயிற்று. ஆசிரியர் கோபிக்கவில்லை. நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது பதிலாக இருக்கவில்லை. இரண்டு சான்றுகளாக இருந்தது. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சின்ன ஆசியாவின் கங்ராவில் கூடிய ஆயர்கள், பக்தியின் பெயரால் எஜமானை அவமதிக்கும்படி அடிமைக்குப் போதிப்பவன் சபைக்குப் புறம்பானவன் என்று தீர்மானித்தார்கள். அதே நிலப்பகுதியில், அதே நூற்றாண்டு முடிவதற்குள், பசிலியாரின் தம்பியான நீசா கிரெகோரியார் பிரசங்கி ஆகமத்தை விளக்கிய ஒரு மறையுரையில், மனிதனை விலைக்கு வாங்குவதையே கண்டித்தார். கடவுள் மனிதனுக்கு ஆளக் கொடுத்தது விலங்குகளைத்தான், சக மனிதனை அல்ல. கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு என்று மதிப்பிட்டாய் என்பது அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். அடிமைமுறை அடியோடு தவறு என்று பண்டைய உலகில் அவரைப் போலத் திட்டமாகப் பேசியவர்கள் மிகச் சிலரே. கங்ராவின் தீர்மானம் சட்டத் தொகுப்புகளில் ஏறியது. கிரெகோரியாரின் உரையைக் கேட்டுச் சபை தன் நடைமுறையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் துறவிகள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் படியெடுத்து வைத்தார்கள். தாங்கள் கீழ்ப்படியாத சொல்லையும் அழிக்காமல் ஒப்புவித்துப் போன அந்தக் கைகளைப் பற்றி இப்போதும் நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அடுத்து அவர் சொன்னது அன்று எங்களைத் தலைகுனிய வைத்தது. 1710இல் இறந்த கிறிஸ்டோபர் கோட்ரிங்டன், பார்பேடோஸ் தீவிலிருந்த தம் கரும்புத் தோட்டங்களை, நற்செய்தி பரப்புவதற்கென்று இங்கிலாந்துத் திருச்சபையினர் அமைத்திருந்த சங்கத்துக்கு எழுதி வைத்தார். தோட்டங்களோடு அவற்றின் அடிமைகளும் சேர்ந்து வந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அந்த அடிமைகளின் மார்பில், பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் ‘சொசைட்டி’, அதாவது சங்கம், என்ற சொல் சூடுபோடப்பட்டது. தம் மார்பில் கையை வைத்து, இந்த இடத்தில் என்று ஆசிரியர் காட்டினார். கடவுளின் சாயலைப் பற்றிப் பேசப் போனவர்களே அந்தச் சாயலின்மேல் தங்கள் உடைமை முத்திரையைப் பதித்தார்கள்.

பாரம்பரியத்தைத் தூக்கியெறிந்துவிட்டு வேதத்தை மட்டும் பற்றிக்கொண்டால் போதும் என்று இதற்கு விடை சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை; அடிமை உடைமையாளர்களும் தாராளமாக வசனம் காட்டினார்கள். 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறைக்கு எதிராகத் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தங்கள் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். பிறர் நமக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அதையே பிறருக்குச் செய்ய வேண்டும் என்ற கட்டளையே அவர்களுடைய வாதம். விண்ணப்பத்தைச் சபைக் கூட்டங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு அனுப்பின. அவற்றுள் மேலானதான வருடாந்தரக் கூட்டம் அதை ஒதுக்கி வைத்தது. அடிமைகளை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா வருடாந்தரக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல், 88 ஆண்டுகள் கழித்து. அதுவரை அடிமைகளாகவே பிறந்து அடிமைகளாகவே இறந்தவர்களுக்கு அந்தத் தாமதத்தின் விலை என்ன என்று கேட்டால் எந்தச் சபையாலும் நியாயம் சொல்ல முடியாது. ஆயினும் அந்த முடிவு வெளியிலிருந்து திணிக்கப்பட்டதல்ல. தன் வாயால் ஓயாமல் ஒப்புவித்து வந்த சொல்லே ஒரு நாள் அந்தச் சபையை நியாயந்தீர்த்தது.

2006 பெப்ரவரியில், நான் வெளிநாட்டுக்கு வந்து நெடுங்காலம் சென்றபின், இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை அடிமை வணிகத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. கோட்ரிங்டன் தோட்டங்களின் பெயரும், மார்பில் போட்ட சூடும் அப்போது எடுத்துரைக்கப்பட்டன. செய்தியை வெட்டியெடுத்து, ஓய்வுபெற்றிருந்த ஆசிரியருக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பினேன். கை நடுக்கத்தோடு எழுதப்பட்ட பதில் வந்தது. நலம் விசாரித்துவிட்டு, “இதை அவனுக்குச் சொன்னாயா? கேள்வி அவனுடையது” என்று எழுதியிருந்தார்.

பள்ளியை விட்ட பிறகு அந்த நண்பனோடு எனக்குத் தொடர்பே இருக்கவில்லை. அவனுடைய தொலைபேசி எண்ணை எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வழியாகத்தான் பெற்றேன். செய்தியைச் சொன்னேன், மன்னிப்பு வாசகத்தை வாசித்தும் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் முதலில் கேட்டது: “ஐயாவுக்குத் தெரியுமா?”