முழங்கால் தழும்பு

சின்ன வயதில் சைக்கிளில் இருந்து விழுந்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. கிட்டப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மயிர் இல்லை, வியர்வைத் துளை இல்லை, தோலின் மெல்லிய ரேகைகளும் இல்லை. வழவழவென்று ஓர் ஒட்டு, அவ்வளவுதான். அவசரத்துக்கு உடம்பு கொலாஜன் என்கிற புரத இழைகளை ஒரே திசையில் அடுக்கி ஓட்டையை மூடிவிட்டது. மூடியதே பெரிய விஷயம், கிருமி உள்ளே போகாமல் இருக்க வேண்டுமே!

ஆனால் கருவில் சில மாதமே ஆன சிசுவின் தோல் கிழிந்தால் தழும்பே இல்லாமல் ஆறிவிடும். அந்தத் திறமை பிறப்பதற்கு முன்பே நம்மிடமிருந்து போய்விடுகிறது. ஆனால் ஆப்பிரிக்க முள் எலிக்கு வளர்ந்த பிறகும் இருக்கிறது. தோல் கழன்று வந்தாலும் மயிர்க்கால்களோடு திரும்ப முளைக்கும் என்று 2012-ல் நிரூபித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆக்ஸலோட்டில் என்கிற நீர்வாழ் சாலமாண்டரை (பல்லி போன்ற, தவளை இனத்துக்கு உறவான உயிர்) வைத்துச் செய்த சோதனை. கால் வெட்டுப்பட்டாலும் திரும்ப வளர்க்கிற உயிர் அது. 2013-ல் அதன் மேக்ரோஃபேஜ் என்கிற நோய் எதிர்ப்புச் செல்களை முதலிலேயே நீக்கிப் பார்த்தார்கள். கால் வளரவில்லை, தழும்புதான் வந்தது. அந்தச் செல்கள் திரும்பி வந்தபின் மறுபடி வெட்டினால் கால் வளர்ந்தது!

கிருமியைத் தின்கிற காவல்காரன் என்று மட்டும் பள்ளியில் படித்தோமே, அதே செல்தான். காயம் தழும்பாவதா, தோலாவதா என்கிற முடிவில் அதற்கும் பெரிய பங்கு இருக்கிறது. தீக்காயத் தழும்பு இறுகி விரலை மடக்க முடியாமல் தவிப்பவர்களை நினைத்தால், இந்த ஆராய்ச்சி சீக்கிரம் மருந்தாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.