வீட்டுக்குள்ள இருந்த காத்துக்கு ஒரு சிலை
நேத்து நைட்டு பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் பத்தி படிக்க ஆரம்பிச்சு தூக்கமே போச்சுங்க. 1990-ல ஒரு பழைய ரூமோட உள்பக்கத்தை பிளாஸ்டர்ல வார்த்தாங்க, கணப்படுப்பு இருந்த எடத்துல ஒட்டியிருந்த கரி கூட அதுல அப்படியே வந்திருக்கு! அப்புறம் 1993-ல கிழக்கு லண்டன்ல இடிக்க விட்டிருந்த ஒரு முழு வீட்டுக்குள்ள கான்கிரீட்டை ஸ்ப்ரே பண்ணி, காஞ்சதும் வெளிச்சுவரை உரிச்சு எடுத்தா, மனுஷங்க நடமாடுன காலி எடம் கல்லா நிக்குது. பிரிட்டன்ல கலைஞர்களுக்குக் குடுக்குற பெரிய விருதான டர்னர் பரிசை வாங்குன முதல் பெண் இவங்கதான். கொடுமை என்னன்னா பரிசு கெடச்ச அதே நாள்தான் உள்ளூர் கவுன்சில்காரங்க அந்த கான்கிரீட் வீட்டை இடிச்சிடலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க (என்ன டைமிங்!). 1994 ஜனவரில இடிச்சும் தள்ளிட்டாங்க. இப்ப அங்க வெறும் புல்தரை.