பெரியப்பா வீட்டு ஐ3: ஆண்டிவைரஸ் ஒப்பீடு, மூன்றாவது ஞாயிறு

மூன்றாவது ஞாயிறும் போச்சு. ஒரே மெஷின், ஒரே ஆண்டிவைரஸ், ஒரே ஃபோல்டர். காலை ஏழு மணிக்கு அதை நகல் எடுத்தால் 14 நிமிடம். மத்தியானம் இரண்டு மணிக்கு 19. ராத்திரி பதினோரு மணிக்கு 13 நிமிடம் 40 விநாடி. நாலு ஆண்டிவைரஸில் எது கம்ப்யூட்டரை அதிகம் இழுக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். முதல் ஆளே காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று பேசினால் மற்ற மூன்று பேரை எதோடு ஒப்பிடுவது?

மெஷின் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் பெரியப்பாவுடையது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி, விண்டோஸ் 10. ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரண்ட் பில் கட்டுவது, பேரன் அனுப்பும் ஃபோட்டோக்களைச் சேர்த்து வைப்பது, யூடியூபில் பழைய பாட்டு, இவ்வளவுதான் அவருக்கு அதில் வேலை. "பட்டனைத் தட்டிட்டு முனையில போய் டீ குடிச்சிட்டு வரேன், இன்னும் சுத்திக்கினே கீது. வைரஸ் பூந்துட்ச்சா பாருடா" என்றார். பார்த்தேன். பூந்திருந்தது ஆண்டிவைரஸ், அதுவும் இரண்டு. ஒன்று காசு கொடுத்து வாங்கியது, லைசென்ஸ் முடிந்து மணிக்கொரு தடவை புதுப்பிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று ஏதோ இலவச பிடிஎஃப் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டுமே நேரலைக் காவலில். ஒருவர் திறக்கும் ஃபைலை இன்னொருவர் சோதிக்க, அதை முதல் ஆள் மறுபடி சோதிக்க, நடுவில் கிடந்து ஹார்ட் டிஸ்க் முனகியது.

மெஷினை ராயபுரத்தில் என் மாடி ஷீட் ரூமுக்குத் தூக்கி வந்தேன். அது ஷீட் ரூம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அன்இன்ஸ்டால் கொடுத்தால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் அதற்குப் பிறகு ஒருமுறை அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் எஃப்எல்டிஎம்சி (fltmc) என்று அடித்துப் பாருங்கள். ஃபைல் திறக்கும் பாதையில் யார் யார் காவலுக்கு நிற்கிறார்கள் என்ற பட்டியல் வரும். ஒவ்வொருவருக்கும் ஆல்டிட்யூட் என்று ஒரு எண். ஆண்டிவைரஸ் டிரைவர்களுக்கு, அதாவது விண்டோஸுக்குள் இறங்கி வேலை செய்யும் அவற்றின் மென்பொருள் துண்டுகளுக்கு, மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருப்பது 320000-இலிருந்து 329999 வரை. விண்டோஸின் சொந்த ஆண்டிவைரஸான டிஃபெண்டரின் வடிகட்டி நிற்கும் இடம் 328010. பெரியப்பா மெஷினில் இரண்டையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்த பிறகும் அந்த வரம்பில் வேண்டாத ஒரு டிரைவர் நின்றுகொண்டிருந்தது. அந்தந்தக் கம்பெனி தனியாகத் தரும் நீக்கும் கருவியை இறக்கி, அவசியமானவை மட்டும் எழும் சேஃப் மோடில் ஓட்டிய பிறகுதான் கிளம்பியது. வீட்டை காலி செய்த பிறகும் சாவியைத் தராத வாடகைக்காரன் மாதிரி.

சரி, போட்டியாளர்கள். டிஃபெண்டர் எப்படியும் உண்டு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து கூடவே வருகிறது, வெளி ஆண்டிவைரஸ் ஒன்றைப் போட்டால் தானாக ஒதுங்கிக்கொள்ளும். மற்ற மூன்று எவை என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு கிழட்டு மெஷினில் ஒரு ஆள் எடுத்த நேரத்தை வைத்து ஒரு கம்பெனிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. என் குறிப்பேட்டில் அவற்றுக்கு கும்மிடிப்பூண்டி லைன் ஸ்டேஷன் பெயர்கள்: பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை. தேர்வு செய்வதற்கே ஒரு மாலை போனது. கே7 நம்ம சென்னைக் கம்பெனி, 1991-இலிருந்து இருக்கிறது. குவிக் ஹீல் புனே. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. அவாஸ்ட் 2016-இல் ஏவிஜியை வாங்கியது, 2022-இல் அவாஸ்டே நார்ட்டன் குடும்பத்தில் சேர்ந்தது. ஒரே வீட்டு ஆட்களில் இருவரை ஓட்டப் பந்தயத்தில் விடுவானேன் என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுக்கு மேல் எடுக்கவில்லை.

சோதனை ஃபோல்டரை எடுத்ததும் கிடைத்த முதல் பாடம்: பெரிய ஒற்றை ஃபைலை வைத்துச் சோதிப்பது வீண். 2 ஜிபி வீடியோ ஒன்றை நகல் எடுத்தபோது டிஃபெண்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில விநாடிதான் வித்தியாசம். ஆண்டிவைரஸ் கேட்பது திறக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு டோல். ஒரே லாரியில் எவ்வளவு சரக்கு ஏற்றினாலும் ஒரு டோல், அதே சரக்கை ஆயிரம் ஸ்கூட்டரில் அனுப்பினால் ஆயிரம் டோல். அதனால் 21,000 சில்லறை ஃபைல்கள், மொத்தம் 9 ஜிபி: பேரன் ஃபோட்டோக்கள், பழைய இணையப் பக்கங்கள், கொஞ்சம் இன்ஸ்டாலர்கள். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளையில் எடுத்தால் கடைசியில் அதுவே நேரம் சொல்லிவிடும், ஸ்டாப்வாட்சை நம்பாதீர்கள்.

ஆண்டிவைரஸே இல்லாத அடிப்படை நேரம் எடுப்பது ஒரு தலைவலி. டிஃபெண்டரை ஆஃப் செய்ய முதலில் அதன் அமைப்பை யாரும் மாற்றாமல் காக்கும் டாம்பர் புரொடெக்ஷனை ஆஃப் செய்ய வேண்டும், செய்தாலும் சற்று நேரத்தில் தானாக எழுந்து உட்கார்ந்துவிடும். நான் மூல ஃபோல்டர், நகல் போய்ச் சேரும் ஃபோல்டர் இரண்டையும் டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் போட்டு எடுத்தேன், 11 நிமிடம் சொச்சம். வடிகட்டி அப்போதும் பாதையில்தான் நிற்கிறது, அதனால் இது சுத்தமான பூஜ்யம் ஆகாது. வீட்டுச் சோதனைக்குப் போதும்.

இப்போது என்னை மூன்று வாரம் அலைக்கழித்த விஷயம். ஒரே சோதனை ஒரே நேரத்தைத் தர வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

முதல் ஞாயிறு. இரண்டாவது ஓட்டம் எப்போதும் வேகமாக வந்தது. விண்டோஸ் படித்த ஃபைலை ரேமில் வைத்துக்கொள்கிறது, அது பழைய கதை, ரீஸ்டார்ட் செய்தால் போகும். ஆனால் ரீஸ்டார்ட் செய்த பிறகும் வேகம் குறையவில்லை. பேசின் பிரிட்ஜ் தான் ஏற்கெனவே சோதித்த ஃபைல்களைக் குறித்து வைத்துக்கொண்டு, மாறாதவற்றை அடுத்த முறை தடவாமல் விடுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சோதனைக்கு விஷம். வழி ஒன்றே: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு இமேஜாக எடுத்து வைக்கும் குளோன்ஸில்லாவில் அந்த டிஸ்க் இமேஜைத் திரும்ப எழுதுவது. நாலு ஆண்டிவைரஸுக்கு நாலு இமேஜ், ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடத்துக்கு மேல்.

இரண்டாம் ஞாயிறு. அப்டேட் குறுக்கே வரக்கூடாது என்று லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டினேன். பெருமையாக ஒரு நாள் முழுக்க நேரங்களைக் குறித்த பிறகு மண்டையில் அடித்தது: சந்தேகமான ஃபைலை இவை கிளவுடில் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. நெட் இல்லாமல் ஓட்டினால் வேறு ஒரு மிருகத்தை அளக்கிறோம். அத்தனையும் குப்பையில். அப்புறம் நெட்டை விட்டுவைத்து, விண்டோஸ் அப்டேட்டை மட்டும் நிறுத்தி, சர்ச் இண்டெக்ஸ், அடிக்கடி ஓட்டும் மென்பொருளை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் சிஸ்மெயின் இரண்டையும் அணைத்து, வைரஸ் விவரங்களை முழுக்க இறக்கிய பிறகு இமேஜ் எடுத்தேன்.

பூட் நேரத்திலும் இதே மாதிரி ஒரு குழி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் ஆகாது, விண்டோஸின் மையமான கெர்னலைச் சுருட்டி டிஸ்கில் வைத்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டு, விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் லாகில் 100-ஆம் எண் நிகழ்வைப் பாருங்கள். பூட் ஆன நேரத்தையும், டெஸ்க்டாப் வந்த பிறகு மெஷின் ஓய்வதற்கு எடுத்த நேரத்தையும் தனித்தனியாக மில்லி விநாடியில் எழுதி வைத்திருக்கும். இரண்டாவது எண்தான் பெரியப்பாவின் டீ நேரம்.

மூன்றாம் ஞாயிறு. எல்லாம் கட்டுக்குள் வந்தும் மேலே சொன்ன 14, 19, 13.40. கத்திரி வெயில், ஷீட் ரூம். சூட்டையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவை லாகில் போட்டுப் பார்த்தால், மத்தியானம் சிபியு 100 டிகிரியை முட்டி, 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது பாதிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வெறும் நகல் எடுக்கும் வேலைக்கு 100 டிகிரியா? மூடியைக் கழற்றினேன். கடல் பக்கம் இருக்கிற வீட்டு மெஷின்களுக்கே உரிய துரு, ஸ்க்ரூ ஒன்று தலை தேய்ந்து வரவே இல்லை. உள்ளே சிபியு மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கை ஆட்டினேன், ஆடியது. இன்டெல் கூலரின் நாலு புஷ் பின்னில் ஒன்று போர்டை விட்டு எழும்பி நின்றது. சூடு கடத்த நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு. எத்தனை வருஷமாகவோ தெரியவில்லை. ஸ்கேன் ஓடும்போதெல்லாம் சிபியு சூடாகி, வேகம் குறைந்து, பழி முழுக்க ஆண்டிவைரஸ் தலையில் விழுந்திருக்கிறது. என் குறிப்பேட்டில் கொருக்குப்பேட்டை பற்றி எழுதியிருந்த வசவுகளை அடித்துவிட்டேன்.

அந்த பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. அம்புக்குறி இருக்கும் திசையில் திருப்புவது கழற்றுவதற்கு, மாட்டுவதற்கு அல்ல. மாட்டும்போது திரும்ப எதிர்ப்பக்கம் கொண்டுவந்து, மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்த வேண்டும். போர்டைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் அழுத்தினால் பின் முழுக்க இறங்கியதா என்று பின்பக்கம் பார்க்க வழியில்லை. போர்டு வளைவதற்கும் இந்த அழுத்தம் ஒரு காரணம். நான் போர்டை வெளியே எடுத்தேன். ஒரு மணி நேரம். கை முழுக்க பேஸ்ட்.

பேஸ்ட் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. போன கையோடு டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ஒன்றும் வாங்கினேன், ஒரு நல்ல பிரியாணிக் காசுக்குக் கிடைத்தது. "டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் பாஸ்" என்று கடைக்காரர் சிரித்தபடியே சொன்னார். அதை இன்னும் மாட்டவில்லை. மாட்டினால் எடுத்த நேரமெல்லாம் மறுபடி செல்லாது. அடுத்தது எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சிப் வகை டிஸ்க். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும், ஆண்டிவைரஸ்களைச் சோதிக்கும் அமைப்பான ஏவி கம்பேரட்டிவ்ஸ் வெளியிடும் வேக அறிக்கைகளில்கூட மெஷின் சாதாரண ஐ3தான், ஆனால் எஸ்எஸ்டி போட்டது. தேய்ந்த ஹார்ட் டிஸ்கில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது என்பது இந்தக் கூத்தைத் தொடங்கியதற்கு ஒரு காரணம்.

பின்னை மாட்டிய பிறகு எடுத்தவை: டிஃபெண்டர் 13 நிமிடம் 10 விநாடி, மத்தியானம் எடுத்தாலும் ராத்திரி எடுத்தாலும் பத்து விநாடிக்குள்தான் வித்தியாசம். பேசின் பிரிட்ஜ் 12.50. கொருக்குப்பேட்டை 13.30. இதற்காகவா மூன்று ஞாயிறு என்று நீங்கள் கேட்கலாம், வீட்டிலும் கேட்டார்கள். டெஸ்க்டாப் வந்த பிறகு ஓயும் நேரத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது; கொருக்குப்பேட்டை மற்ற இரண்டைவிட அரை நிமிடம் அதிகம் எடுக்கிறது. அதன் கூடவே வரும் விபிஎன், கிளீனர், பாஸ்வேர்டு பெட்டி எல்லாம் ஸ்டார்ட்அப்பில் வரிசை கட்டுகின்றன. அவற்றை அணைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

டிஃபெண்டரின் சிபியு அளவை 50-இலிருந்து 20-க்குக் குறைத்தால் வேகம் பறக்கும் என்று ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நேரம் குறித்து ஓடும் ஸ்கேனுக்கு மட்டும். ஃபைல் திறக்கும்போது நடக்கும் காவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நகல் நேரத்தில் ஒரு விநாடிகூட மாறவில்லை.

இன்னொரு கூத்து. காவல் வேலை செய்கிறதா என்று பார்க்க எய்கார் சோதனை ஃபைலை பெண்டிரைவில் வைத்திருந்தேன். 68 எழுத்து, எந்தத் தீங்கும் செய்யாது, ஆண்டிவைரஸ்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் கத்தும். சனிக்கிழமை ராத்திரி மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பெண்டிரைவையும் அதிலேயே மறந்து விட்டுவிட்டேன். பத்தரைக்கு ஃபோன். "டேய், செவப்பா வந்து நிக்குது, உன் பெண்டிரைவ்லதான் கீது வைரஸு!" விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. விடிந்ததும் போய் மெஷினைத் திரும்பத் தூக்கி வந்தேன், அதனால்தான் அந்தப் புஷ் பின் கண்ணில் பட்டது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்கிறது மைக்ரோசாஃப்ட். நான்காம் தலைமுறைச் சிபியுவை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு ஆசை, ஆனால் பெரியப்பாவின் பிரிண்டர் வேலை செய்யுமா என்று முதலில் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டும் லைவ் பெண்டிரைவில் பார்க்க வேண்டும்.

தண்டையார்பேட்டை இன்னும் பாக்கி. நேற்று ராத்திரி அதன் இமேஜ் பாதி எழுதும்போது கரண்ட் போனது, என் யுபிஎஸ் பேட்டரி போன வருஷமே கண்ணை மூடிவிட்டது. இன்று காலை டிஃபெண்டர் இமேஜை எழுதி மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியப்பா பட்டனைத் தட்டினார், டீக்குப் போகாமலே டெஸ்க்டாப் வந்தது. "வேகமாத்தான் கீதே, இன்னும் இன்னாத்த நோண்டப்போற?" என்று சொல்லிவிட்டு, மூடியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார். ஞாயிறு காலை அவர் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவார். இமேஜுக்கு இருபது நிமிடம், பூட்டுக்குக் கொஞ்சம், நகலுக்குப் பதினைந்து. வஞ்சிரத்துக்கு விலை பேசி முடித்துத் திரும்ப அவருக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.