கவாத்து செய்த மல்லி இரண்டு, செய்யாத மல்லி இரண்டு

தருமபுரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு குண்டுமல்லிச் செடிகள் இருக்கின்றன. வைத்து மூன்று வருடம் ஆகிறது. நாற்று ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் இருந்து வந்தது. ஒரு அடிக் குழி, குழிக்கு ஒரு கூடை மக்கிய எரு, செடிக்குச் செடி நான்கடி இடைவெளி. இடுப்புயரத்துக்குப் புதராகப் படர்ந்தன, ஆனால் பூ சுமார்தான். அம்மா கட்டினால் ஒரு முழம் தேறாது.

காவேரிப்பட்டணம் பக்கம் மாமாவுக்கு மல்லித் தோட்டம் உண்டு. போன கார்த்திகையில் வந்தவர் செடியைப் பார்த்ததுமே, "கவாத்தே பண்ணலையாடா?" என்றார். கவாத்து என்றால் பழைய கிளைகளை வெட்டிவிடுவது. மல்லி புதிதாக வரும் துளிரில்தான் மொக்கு வைக்கும். பழைய குச்சிகளை அப்படியே விட்டால் செடி இலையாகத்தான் பெருகும். நவம்பர் கடைசியில் வெட்டினால் மாசி, பங்குனியில் பூவுக்கு வரும் என்றார்.

அம்மாவுக்கு மனசு வரவில்லை. "பச்சையா நிக்கிற செடிய எதுக்குடா மொட்டை அடிக்கிற?" சரி, இரண்டை வெட்டுவோம், இரண்டை விட்டுவிடுவோம் என்று முடிவானது. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே அந்த இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்தினேன். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டினேன். காய்ந்த குச்சி, உள்பக்கம் பின்னிக்கொண்டிருந்த குச்சி எல்லாவற்றையும் எடுத்தேன். மிச்சமிருந்த இலைகளையும் உருவிவிட்டு, மண்ணைக் கொத்தி, எருவும் வேப்பம் பிண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விட்டேன். அப்புறம் மார்கழிக் குளிர். மூன்று வாரம் வெறும் குச்சிதான். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். இருபத்து நான்காம் நாள் கணுக்களில் பச்சைப் புள்ளி தெரிந்தபோது அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

கொல்லையில் ஒரு முல்லைக் கொடியும் உண்டு. கையோடு அதையும் வெட்டப் போனபோது மாமா தடுத்துவிட்டார். முல்லைக்குக் கவாத்து ஜனவரி கடைசியில். ஒரே பேரினம் என்றாலும் காலம் வேறு. இவையெல்லாம் ஆலிவ் மரத்தின் குடும்பம், பவளமல்லியும் அதில்தான் சேரும். பூவுக்குள் மகரந்தக் கேசரம் இரண்டே இரண்டுதான் என்பது அந்தக் குடும்பத்து அடையாளம். ஒரு முல்லைப் பூவைப் பிரித்துப் பார்த்தேன், சரியாக இரண்டு இருந்தது.

தையில் ஒரு சிக்கல் வந்தது. வெட்டிய செடிகளின் புது இலை மஞ்சளாகத் தொடங்கியது. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினேன், இன்னும் மோசமானது. மாமாவுக்குப் போன் செய்தேன். "நரம்பு மட்டும் பச்சையா இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. அப்படியானால் இரும்புச்சத்துக் குறைவு. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படியும். மண் காரமாகிவிட்டால் அதில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, சாயங்காலம் இலை நனையத் தெளித்தேன். மாதம் ஒரு தடவை. தண்ணீரையும் குறைத்தேன். இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு வந்த துளிர் நல்ல பச்சை.

மாசி வரைக்கும் வெட்டாத செடிகள்தான் முன்னால் இருந்தன. குளிரிலும் அவற்றில் பத்துப் பதினைந்து மொக்கு இருந்தது. பங்குனியில் எல்லாம் மாறியது. ஏப்ரலில் ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். வெட்டிய இரண்டிலும் சேர்த்து ஒரு நாளைக்கு நூற்று முப்பது மொக்கு வரை வந்தது, வெட்டாத இரண்டில் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. மொட்டுப்புழுவும் வெட்டாத செடிகளில்தான் அதிகம். உள்ளே காற்றும் வெயிலும் போகாத அடர்த்திதான் காரணம் என்று நினைக்கிறேன். துளை விழுந்த மொக்குகளைப் பறித்து அழித்து, வேப்பெண்ணெய் தெளித்துக் கட்டுக்குள் வைத்தேன்.

குண்டுமல்லியில் விதை பிடிப்பது அபூர்வம், குச்சி நடுவதோ, கிளையை மண்ணில் புதைத்து வேர் விட வைக்கும் பதியனோதான் வழி. வெட்டிய குச்சிகளில் முற்றிய பன்னிரண்டை மணல் கலந்த மண்ணில் நிழலில் நட்டு வைத்தேன். ஏழு வேர் விட்டிருக்கின்றன. ஆடி மழைக்கு அவற்றை வேலியோரம் மாற்ற வேண்டும். கார்த்திகையில் மிச்ச இரண்டு செடிகளுக்கும் கவாத்து. அதற்கான தேதியை அம்மாவே குறித்து வைத்திருக்கிறார்.